ஷிஃப்ட் லொக்

ஓட்டோ கியர் காரில் பிரேக்கை மிதிக்காமல் கியர் லீவரை 'பி' நிலையிலிருந்து நகர்த்தவிடாத பூட்டு ஷிஃப்ட் லொக். என்ஜின் ஓடும்போது லீவர் 'டி'க்கோ 'ஆர்'க்கோ போனால், எக்ஸலேட்டரைத் தொடாமலே கார் ஊரத் தொடங்கும். அந்த நேரத்தில் சாரதியின் கால் பிரேக்கில்தான் இருக்கவேண்டும் என்பதை இந்தப் பூட்டு கட்டாயமாக்குகிறது.

பிரேக் மிதிக்கு மேலுள்ள சுவிட்ச் பின்பக்கச் சிவப்பு விளக்கை எரியவைக்கும்போதே, லீவருக்கு அடியிலுள்ள சிறிய மின்காந்தத்தையும் இயக்கிப் பூட்டை விலக்குகிறது. 'டிக்' என்ற சத்தமும் கேட்கும். லீவர் அசையாமல், பிரேக் விளக்கும் எரியாமல் இருந்தால் முதலில் பார்க்கவேண்டியவை சுவிட்சும் பியூசும். பெற்றரி இறங்கிவிட்டாலும் பூட்டு திறக்காது.

1986 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்வதாகச் செய்தி ஒளிபரப்பியது. 1989இல் வெளியான அரசாங்க ஆய்வோ, பெரும்பாலான சம்பவங்களில் சாரதிகள் பிரேக் என்று நினைத்து எக்ஸலேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்றது. அதற்குள் ஆடி தன் கார்களைத் திரும்ப அழைத்து இந்தப் பூட்டைப் பொருத்தியிருந்தது. 2010 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் இது சட்டப்படி கட்டாயம்.

லிந்துலை போன்ற மலைப்பகுதியில் வேறொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தலவாக்கலை - நுவரெலியா வீதியிலும் அக்கரப்பத்தனைப் பக்கமும் காரைச் சரிவில் நிறுத்தாமல் முடியாது. ஜப்பானிலிருந்து வந்த விட்ஸ், அக்வா போன்ற கார்களில் 'பி' என்பது கியர்பெட்டிக்குள் ஒரு பல்சக்கரத்தில் விழும் சிறு இரும்புக் கொக்கிதான். ஹேண்ட் பிரேக் போடாமல் 'பி'யில் விட்டால் காரின் முழுப் பாரமும் அந்தக் கொக்கியில் தொங்கும். பிறகு லீவர் இறுகி நிற்கும். பலமாக இழுத்தால் 'டங்' என்று அதிர்ந்து விடுபடும். இதை ஷிஃப்ட் லொக் பழுது என்று எண்ணி கராஜுக்குப் போவது வீண் செலவு. நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி லீவரை 'என்'னில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலைச் சற்றுத் தளர்த்திப் பாரத்தை அதில் இறங்கவிட்டு, அதன் பின்னரே 'பி'க்குப் போகவேண்டும்.

பூட்டே பழுதானால், பல கார்களில் லீவருக்கு அருகே சிறிய மூடியின் கீழ் ஒரு விடுவிப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தியபடி லீவரை நகர்த்தலாம். சரிவில் இது ஆபத்தான வேலை. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டே செய்யவேண்டும். என்ஜின் நின்றிருந்தால் ஓரிரு மிதிப்புக்குப் பிறகு பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும்; வழக்கத்தைவிடப் பல மடங்கு பலத்துடன் மிதித்தால்தான் கார் நிற்கும்.