லீ ஷின் செங்

லீ ஷின் செங் (1939–2019) மலேசியச் செம்பனைத் தொழிலதிபர். ஐஓஐ குழுமத்தை உருவாக்கியவர். 'டான் ஸ்ரீ' பட்டம் பெற்றவர். சிலாங்கூர் மாநிலத்தின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், ஜெராமை அடுத்த ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தார். தந்தை அத்தோட்டத்திலேயே சிறிய மளிகைக்கடை நடத்திய சீனர். குடும்ப வறுமையால் 11 வயதில் படிப்பை விட்டு, நான்கு ஆண்டுகள் சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்று, பிறகே பள்ளிக்குத் திரும்பினார். ஆங்கிலம் போதவில்லை என்று ஒரு தோட்ட நிறுவனம் வேலை தர மறுத்தது. வேறொரு நிறுவனம் மேற்பார்வையாளராகச் சேர்த்துக்கொண்டது. அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்த ஐஸ்கிரீம் கதையையே முதன்மைப்படுத்துகிறார்கள். ஆனால் அதே சிலாங்கூர் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தமிழ்க் குடும்பங்கள் எவருக்கும் குறையாமல் உழைத்தன. அவர்களில் கோடீஸ்வரர் ஆனவர் அரிது. ஆகவே உழைப்பு மட்டும் லீயின் செல்வத்துக்கு விளக்கமாகாது. பிறர் நட்டு வளர்த்த தோட்டங்களை வாங்கி, ஒவ்வொரு ஹெக்டேரிலும் முன்னிலும் கூடுதலாக எண்ணெய் எடுத்ததே அதன் மூலம்.

இதைப் புரிந்துகொள்ளப் பயிரின் வரலாறு தேவை. மேற்கு ஆப்பிரிக்காவுக்குரிய செம்பனை 1848இல் நான்கு கன்றுகளாக ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகோனியே 1917இல் தென்னமரம் தோட்டத்தில் நட்டார். அதுவும் லீ பிறந்த கோலசிலாங்கூர் வட்டாரமே. பின்னர் தடித்த ஓட்டு டூரா வகையையும் ஓடற்ற பிசிஃபெரா வகையையும் கலந்து, மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் கொண்ட டெனெரா உருவாக்கப்பட்டது. ஆயினும் மலேசியாவில் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. 1981இல் காமரூனிலிருந்து கொண்டுவந்த மகரந்த வண்டுகளை, யூனிலீவருக்குச் சொந்தமான பாமோல் தோட்டங்களில் விட்ட பின்பே அந்தச் செலவு தீர்ந்தது. காய்ப்பும் பெருகியது.

ஏறத்தாழ அதே வேளையில்தான் லீ, தொழிற்சாலை வாயுக்களைத் தயாரித்த 'இண்டஸ்ட்ரியல் ஆக்சிஜன்' என்னும் சிறு நிறுவனத்தைத் தம் வசமாக்கினார். அதன் பெயரெழுத்துகளே குழுமத்தின் பெயராக நிலைத்தன. 1990இல் சுமார் 28,000 ஹெக்டேர் பரப்புள்ள டன்லப் தோட்டங்களையும், 2003இல் பாமோலையும் வாங்கினார். பெரும் செல்வரான பின்னும் தோட்டத்துக்குள் நடந்து மரங்களை நேரில் பார்ப்பதை விடவில்லை. அந்த நடை வெறும் பழக்கமன்று. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் செம்மஞ்சள் பழங்களைக் கொண்டே குலை பழுத்ததை அறிகிறார்கள். ஒரு நாள் முந்தி வெட்டினால் எண்ணெய் குறையும். வெட்டிய குலை ஆலைக்குப் போகத் தாமதித்தால் அமிலம் ஏறித் தரம் கெடும். உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டால் எண்ணெய் மிகுந்த பகுதியே மண்ணோடு போகும். இத்தகைய இழப்புகள் கணக்கேட்டில் தெரியுமுன் நிலத்தில் தெரிந்துவிடும். 2000களின் நடுவில் ஐஓஐ தோட்டங்கள் ஹெக்டேருக்கு 6 டன்னை ஒட்டிக் கச்சா எண்ணெய் தந்தன. நாட்டின் சராசரி 4 டன் அளவிலேயே இருந்தது.

இதையெல்லாம் காலம் கொடுத்த வாய்ப்பு என்று மறுப்போர் உண்டு. ஆங்கிலேயர் தோட்டங்கள் மலேசியர் கைக்கு மாறிய காலம் அது. 1981இல் ஆங்கிலேயத் தோட்ட நிறுவனமான கத்ரியை மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனம் லண்டன் பங்குச்சந்தையிலேயே வாங்கியது. பூச்சோங்கில் தோட்ட நிலம் நகரமானதும் லீக்குப் பெருவருவாய் தந்தது. இரண்டும் உண்மை. ஆனால் வாய்ப்பு பலருக்கும் திறந்திருந்தது. நிலமதிப்பு யாருக்கும் ஏறும். அதே இன மரங்களில் அண்டைத் தோட்டத்தைவிடக் கூடுதலாக எண்ணெய் எடுத்தது நிர்வாகத் திறமே.

மற்றொரு குற்றச்சாட்டு கனமானது. காடழிப்பும் தீயும் குறித்து இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் குழுமத்துக்கு இருந்த கெத்தாபாங் தோட்டங்கள்மீது எழுந்த புகாரால், செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு 2016 ஏப்ரலில் ஐஓஐயின் சான்றிதழை நிறுத்திவைத்தது. யூனிலீவர், நெஸ்லே போன்ற வாடிக்கையாளர்கள் விலகினர். ஆகஸ்டில் தடை நீங்கினாலும் பெயருக்கு ஏற்பட்ட ஊறு பெரிது. இந்நிகழ்வும் மேற்சொன்ன கருத்தையே உறுதிசெய்கிறது: பழைய தோட்டத்தைச் செம்மைப்படுத்தியபோது குழுமம் உயர்ந்தது, புதுநிலம் தேடிப் படர்ந்தபோது இடறியது. செம்பனைத் தொழிலுக்கு லீயின் வாழ்க்கை தரும் பாடமும் இதுவே: இருக்கும் நிலத்தில் விளைச்சலைக் கூட்டத் தெரிந்தவருக்குக் காட்டைத் தொடும் தேவையில்லை.

லீ 2019 ஜூனில் காலமானார். மகன்கள் லீ இயோ சோர் தோட்டத் தொழிலையும் லீ இயோ செங் நிலவணிகத்தையும் நடத்துகின்றனர்.