சிறு வைன் கடைகளும் ஆஸ்திரேலிய வைனும்

ஆஸ்திரேலியாவில் உற்பத்தியாகும் திராட்சை மதுவைத் தம் கடையில் வாங்கி வைக்கும் சிறு வணிகர், யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது வைன் வணிகத்தில் நெடுங்காலமாக நிலவும் ஒரு சிக்கல் ஆகும். வைனைச் செய்த தோட்டக்காரர், இறக்குமதி செய்தவர், கடையை நம்பி வரும் வாடிக்கையாளர் ஆகிய மூவரின் நலன்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆஸ்திரேலிய வைனின் முதன்மையான வெளிநாட்டுச் சந்தைகளுள் ஒன்றாக நீண்டகாலமாக விளங்கும் ஐக்கிய இராச்சியத்தில் இச்சிக்கல் தெளிவாகக் காணப்படுகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டைப் பற்றியது.

தமிழ்நாட்டில் "ஒயின்ஷாப்" என்ற சொல் எல்லா வகை மதுவையும் விற்கும் கடையைக் குறிக்கும். இங்கு "வைன் கடை" எனப்படுவது வேறு. உரிமையாளர் தாமே சுவைத்துத் தேர்ந்தெடுத்த சில நூறு வகை வைன்களை, அவற்றின் ஊரையும் ஆண்டையும் விளக்கி விற்கும் தனியார் கடையே இங்கு பொருள்.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஆஸ்திரேலிய வைன் பிரித்தானியாவிற்கு ஏற்றுமதியாகி வந்தது. 1920களில் பேரரசு நாடுகளின் வைனுக்குச் சுங்க வரிச் சலுகை அளிக்கப்பட்டதால் ஏற்றுமதி பெருகியது. ஆனால் அன்று சென்றவற்றுள் பெரும்பாலானவை சாராயம் கலந்து வலுவூட்டப்பட்ட இனிப்பு வகைகளும், "பர்கண்டி" போன்ற பிரெஞ்சுப் பெயர்களைக் கடன் வாங்கிய மலிவான வகைகளும் ஆகும். 1973இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபின் பழைய சலுகைகள் மறைந்தன. அக்காலத்தில் ஆஸ்திரேலிய வைன் என்றாலே நகைப்புக்குரிய பொருளாக இருந்தது. மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழு 1972இல் வெளியிட்ட இசைத்தட்டில் அதைக் கேலி செய்யும் ஒரு பகுதியே உள்ளது.

இந்நிலை 1980களில் மாறியது. ஆட்பின்ஸ் என்ற கடைத்தொடரும் பல தனிக்கடைக்காரர்களும் பரோசா பள்ளத்தாக்கின் ஷிராஸ், ஹண்டர் பள்ளத்தாக்கின் செமியோன், கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் முதலியவற்றை வாடிக்கையாளர்களுக்கு அறிமுகம் செய்தனர். புட்டியின் மேல் திராட்சை வகையின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது பெரும் வசதியாக அமைந்தது. பிரெஞ்சு ஊர்ப்பெயர்களை மனப்பாடம் செய்யாமலே ஒருவர் தமக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்க முடிந்தது.

1996இல் ஆஸ்திரேலிய வைன் துறை "2025 திட்டம்" என்ற முப்பதாண்டு இலக்கை அறிவித்தது. ஆண்டுக்கு 450 கோடி ஆஸ்திரேலிய டாலர் விற்பனை என்ற அந்த இலக்கு பல ஆண்டுகள் முன்னதாகவே எட்டப்பட்டது. அதற்காக நடப்பட்ட கொடிகள் தேவைக்கு மேல் காய்த்தன. 2000களின் நடுப்பகுதியில் வைன் தேங்கியது. தயாரிப்பாளர் பெயரே இல்லாத வெற்றுப் புட்டிகள் ஆஸ்திரேலியாவிலேயே மலிவாக விற்கப்பட்டன. மிகுதி வைன் பிரித்தானியப் பேரங்காடிகளின் தள்ளுபடி அடுக்குகளையும் நிரப்பியது. அதற்குச் சற்று முன், 2001இல், காசெல்லா குடும்பத்தார் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய "யெல்லோ டெயில்" சில ஆண்டுகளிலேயே பல இலட்சம் பெட்டிகள் விற்று, கங்காரு போன்ற விலங்குப் படங்களைத் தாங்கிய மலிவு வைன்களின் அலையைத் தொடங்கி வைத்தது.

சிறு கடைக்காரர்களைப் பொறுத்தவரை இதன் விளைவு கசப்பானது. எந்த நாட்டின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தம் வாடிக்கையாளர்களைப் பழக்கினார்களோ, அந்த நாட்டின் பெயரே "மலிவு" என்பதற்கு மறுபெயராகிவிட்டது. ஆட்பின்ஸ் 2011இல் நொடித்துப்போனது.

விலை என்னும் சிக்கல்

பிரித்தானியாவின் 1964ஆம் ஆண்டு மறுவிற்பனை விலைச் சட்டத்திற்குப் பின், உற்பத்தியாளர் ஒருவர் தம் பொருளின் கடை விலையைத் தாமே கட்டாயமாக நிர்ணயிக்க இயலாது. ஆகவே ஒரு வைனைச் சிறு கடைக்காரர் ஐந்து ஆண்டுகள் சுவைக்கக் கொடுத்து, விளக்கி, பெயர் வாங்கித் தந்த பின்னர், அதே வைன் பேரங்காடியில் இரண்டு பவுண்டு குறைவாக வந்து நிற்பதை யாரும் தடுக்க முடியாது. பெருமளவில் வாங்குபவருக்குக் கொள்முதல் விலையும் குறைவு. சில நேரங்களில் கூட்டத்தை ஈர்ப்பதற்காக இலாபமே இல்லாமலும் விற்பர். வாடிக்கையாளர் அதைப் பார்த்தவுடன், இத்தனை நாள் தம்மை ஏமாற்றியதாகக் கடைக்காரரையே ஐயுறுவார்.

இதனால் பல கடைக்காரர்கள் "பேரங்காடிக்குக் கொடுத்தால் நாங்கள் எடுக்க மாட்டோம்" என்று இறக்குமதியாளரிடம் சொல்வது வழக்கம். இறக்குமதியாளர்களும் தனிக்கடைகளுக்கு மட்டும் என்று சில பெயர்களை ஒதுக்குகின்றனர். ஒரே தயாரிப்பாளர் இரு வேறு பெயர்ச்சீட்டுகளில் இரு வழிகளுக்கும் விற்பதும் உண்டு. இதைக் கடைக்காரரின் பிடிவாதம் என்று கருதுவோர், கீழ்க்காணும் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் முதல் ஐக்கிய இராச்சியத்தில் கலால் வரி மதுவின் வலிமைக்கேற்ப விதிக்கப்படுகிறது. வைனுக்கு அளிக்கப்பட்ட இடைக்கால விலக்கு 2025 ஜனவரி இறுதியில் முடிந்தது. அதுவரை 11.5 முதல் 14.5 விழுக்காடு வரையிலான எல்லா வைனுக்கும் புட்டிக்கு 2.67 பவுண்டு என்றிருந்த வரி, 2025 பிப்ரவரியில் 14.5 விழுக்காட்டு வைனுக்கு 3.21 பவுண்டாக உயர்ந்தது. வெயில் மிகுந்த பரோசாவின் ஷிராஸ் பெரும்பாலும் இந்த வலிமையை ஒட்டியே இருக்கும்.

அந்த வீதப்படி 10 பவுண்டுக்கு விற்கும் ஒரு புட்டியை எடுத்துக்கொள்வோம். 20 விழுக்காட்டு மதிப்புக் கூட்டு வரியை நீக்கினால் மீதி 8.33 பவுண்டு. கலால் வரியைக் கழித்தால் 5.12. கடைக்காரர் 8.33இல் 30 விழுக்காட்டைத் தம் பங்காக எடுத்தால் எஞ்சுவது 2.62 பவுண்டு மட்டுமே. கப்பல் கூலி, கண்ணாடிப் புட்டி, மூடி, இறக்குமதியாளரின் பங்கு, தோட்டக்காரரின் உழைப்பு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அதே கணக்கை 20 பவுண்டு புட்டிக்குப் போட்டால் எஞ்சுவது 8.46 பவுண்டு. அதாவது, விலை இரண்டு மடங்காகும்போது வைனுக்கென்று எஞ்சும் பணம் மூன்று மடங்கிற்கும் மேலாகிறது. கலால் வரி விலையைப் பார்ப்பதில்லை, அளவையும் வலிமையையுமே பார்க்கிறது என்பதுதான் காரணம்.

ஆகவே விலை உயர்ந்த புட்டியைக் கடைக்காரர் பரிந்துரைப்பது பேராசையால் மட்டும் அன்று. குறைந்த விலையில் அவர் பேரங்காடியோடு போட்டியிட இயலாது, தோட்டக்காரருக்கும் அதில் ஏதும் மிஞ்சாது. ஆனால் மாதச் சம்பளத்தில் வாரம் ஒரு புட்டி வாங்கும் வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது. அவர் கேட்பது பத்து பவுண்டுக்குள் ஒன்று. கடைக்கு வாடகை கட்டித் தருபவர்களும் பெரும்பாலும் இத்தகைய வாடிக்கையாளர்களே.

பெரு நிறுவனங்கள் மலிவு விலையைத் தாக்குப்பிடிப்பதற்குப் போக்குவரத்து முறையும் ஒரு காரணம் ஆகும். பிரித்தானியாவிற்குச் செல்லும் ஆஸ்திரேலிய வைனின் பெரும்பகுதி புட்டிகளில் செல்வதில்லை. சுமார் 24,000 லிட்டர் கொள்ளும் ஒரு பெரிய நெகிழிப் பையைச் சரக்குப் பெட்டகத்திற்குள் விரித்து, அதில் நிரப்பி அனுப்பி, அங்கு சென்ற பின் புட்டியில் அடைக்கின்றனர். கண்ணாடியைச் சுமந்து செல்லாததால் செலவும் எரிபொருளும் மிச்சம். சில நூறு பெட்டிகள் மட்டும் செய்யும் சிறு தோட்டத்தால் ஒரு பையைக்கூட நிரப்ப முடியாது.

உரிமை மாற்றமும் பற்றும்

தயாரிப்பாளரிடம் கொண்ட பற்று, அந்தத் தயாரிப்பாளர் மாறிவிட்டால் என்ன ஆகும்? இதற்குப் பீட்டர் லேமன் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. 1970களின் பிற்பகுதியில் பரோசாவில் சால்ட்ரம் நிறுவனத்தின் வைன் தயாரிப்பாளராக இருந்த லேமனிடம், திராட்சை தேங்கிக் கிடந்ததால் வேளாளர்களிடமிருந்து வாங்குவதை நிறுத்துமாறு உரிமையாளர்கள் கூறினர். அவரோ அவ்வேளாளர்களுக்கு ஏற்கனவே வாய்மொழியாக வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கைக் காப்பாற்றுவதற்காக வெளியிலிருந்து முதல் திரட்டி, அவர்களது திராட்சையை வாங்கி வைன் செய்தார். அந்த முயற்சிக்கு, ஓர் இசை நாடகத்தில் வரும் சூதாடியின் பெயரான "மாஸ்டர்சன்" என்பதைச் சூட்டினார். 1980களில் அது அவர் பெயரிலேயே நிறுவனமாயிற்று. அதே பத்தாண்டில் தெற்கு ஆஸ்திரேலிய அரசு மானியம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னபோது, பல பழங்கொடிகள் பிழைத்ததற்கு அவரைப் போன்றோர் தொடர்ந்து வாங்கியதும் ஒரு காரணமாகும்.

இவ்வரலாற்றைச் சொல்லித்தான் பல கடைக்காரர்கள் அந்த வைனை விற்றனர். 2003இல் நிறுவனம் சுவிட்சர்லாந்தின் ஹெஸ் குழுமத்திடம் சென்றது. லேமன் 2013இல் காலமானார். 2014இல் நிறுவனத்தைக் காசெல்லா குடும்பம், அதாவது யெல்லோ டெயிலின் உரிமையாளர்கள், வாங்கினர். இனிமேலும் அதே வரலாற்றைச் சொல்லி விற்பது நேர்மையா? தோட்டங்களும் கொடிகளும் அவையே, காசெல்லாவும் ஒரு குடும்ப நிறுவனமே என்பது ஒரு வாதம். வாக்குக் கொடுத்த மனிதர் இல்லாதபோது அவர் வாக்கை விற்க முடியாது என்பது மறுவாதம். என் பார்வையில், யார் உரிமையாளர் என்று கேட்பவருக்கு ஒளிக்காமல் சொல்லும் கடைக்காரர் எந்த முடிவை எடுத்தாலும் பழுதில்லை.

இத்தகைய மாற்றங்கள் ஏராளம். ஓட்லி குடும்பத்தாரின் ரோஸ்மவுண்ட் 2001இல் சவுத்கார்ப்புடன் இணைந்தது. சவுத்கார்ப்பை 2005இல் பாஸ்டர்ஸ் என்ற பீர் நிறுவனம் வாங்கியது. அதன் வைன் பிரிவு 2011இல் டிரெஷரி வைன் எஸ்டேட்ஸ் எனப் பிரிந்தது. பெட்டலூமா 2001இல் லயன் நேத்தன் என்ற மற்றொரு பீர் நிறுவனத்திடமும், 2017இல் அக்கொலேடு நிறுவனத்திடமும் சென்றது. புட்டியின் பெயர்ச்சீட்டில் இவை எதுவும் எழுதப்படுவதில்லை.

இதற்கு எதிர்வினையாக 2009இல் யலும்பா, ஹென்ஷ்கி, டிரல்ஸ், தாபில்க் உள்ளிட்ட 12 குடும்ப நிறுவனங்கள் சேர்ந்து "ஆஸ்திரேலியாவின் முதல் வைன் குடும்பங்கள்" என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. தலைமுறைகளாகத் தொடரும் உரிமையையே தம் அடையாளமாக முன்வைத்ததால் சிறு கடைகளுக்கு இது பெரிதும் உதவியது. எனினும் குடும்பம் என்பதாலேயே எல்லாம் நிலைத்துவிடுவதில்லை. அந்தப் பன்னிருவருள் ஒன்றான மெக்வில்லியம்ஸ் 2020 ஜனவரியில் நிதி நெருக்கடியால் நிருவாகியின் பொறுப்பிற்குச் சென்று, பின்னர் வேறொரு குடும்பத்திற்கு விற்கப்பட்டது.

திருகு மூடி

கடைக்காரர் தம் வாடிக்கையாளருக்கு எதிராகத் தயாரிப்பாளரின் பக்கம் நின்ற நிகழ்வுகளும் உண்டு. தக்கையிலுள்ள ஒரு வேதிப்பொருளால் வைனில் ஈர அட்டை போன்ற வாடை ஏறுவதுண்டு. இதைத் தவிர்ப்பதற்காக 2000ஆம் ஆண்டு அறுவடையின் ரீஸ்லிங்கைக் கிளேர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு குழுவினர் திருகு மூடியிட்டு வெளியிட்டனர். திருகு மூடி என்றால் மட்டமான சரக்கு என்று எண்ணிய வாடிக்கையாளர்களுக்கு, ஒவ்வொரு புட்டியாக விளக்கம் சொல்லி விற்க வேண்டியிருந்தது. பேரங்காடி அடுக்கில் அந்த விளக்கத்தைச் சொல்ல ஆளில்லை. இன்று ஆஸ்திரேலிய வைனில் திருகு மூடியே வழக்கமாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவிலேயே

உள்நாட்டுச் சிறு கடைகளின் நிலையும் எளிதன்று. சில்லறை மது விற்பனையில் இரு பேரங்காடிக் குழுமங்கள் மேலோங்கியுள்ளன. டான் மர்பி என்பவர் 1952இல் மெல்பேர்னில் தொடங்கிய கடையை 1998இல் உல்வர்த்ஸ் வாங்கி நாடு முழுதும் பரப்பியது. அது 2021இல் எண்டவர் குழுமம் என்ற தனி நிறுவனத்தின் கீழ் வந்தது. இக்குழுமங்களின் சொந்தத் தயாரிப்புகள் பல, சிறு தோட்டத்தின் பெயர் போன்ற பெயர்ச்சீட்டுடன் விற்கப்படுகின்றன. அப்படியொரு பெயரைத் தேடித் தனிக்கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம், "அப்படி ஒரு தோட்டமே இல்லை" என்று சொல்ல வேண்டிய வேலை கடைக்காரருக்கு.

சீனா விதித்த தண்டனை வரியும் இங்கு குறிப்பிடத்தக்கது. 2020 நவம்பரில் இடைக்காலமாகத் தொடங்கி, 2021 மார்ச்சில் உறுதி செய்யப்பட்ட இவ்வரி சிலருக்கு 200 விழுக்காட்டையும் தாண்டியது. மிகப் பெரிய சந்தை ஒரே இரவில் மூடியது போலாயிற்று. 2024 மார்ச்சில் அது நீக்கப்பட்டது. சீனாவில் நல்ல விலை கிடைத்த காலத்தில் பிரித்தானியக் கடைகளுக்கான ஒதுக்கீட்டைக் குறைத்த தயாரிப்பாளர்கள் இருந்தனர். வரி வந்ததும் அவர்களுள் சிலர் பழைய கடைகளைத் தேடி வந்தனர். பற்று என்பது ஒருவழிப் பாதையா என்று கடைக்காரர்கள் கேட்டதில் வியப்பில்லை.

இந்தியத் தொடர்பு

2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வணிக உடன்பாட்டின்படி, 5 அமெரிக்க டாலருக்கு மேல் இறக்குமதி மதிப்புள்ள புட்டிகளுக்கான 150 விழுக்காட்டுச் சுங்கவரி 100 ஆகவும், 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு 75 ஆகவும் குறைக்கப்பட்டது. பத்தாண்டுகளில் இவை முறையே 50 ஆகவும் 25 ஆகவும் குறையும். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் உள்ளதால், எந்தத் தோட்டத்தின் வைனை அடுக்கில் வைப்பது என்று முடிவு செய்யும் தனிக் கடைக்காரர் இங்கு இல்லை. தனியார் உரிமக் கடைகள் இயங்கும் புதுச்சேரி போன்ற இடங்களில் மட்டுமே அந்த முடிவு கடைக்காரருடையது.