பக்ஷிராஜனும் ஆயிரம் ரூபாயும்

2010இல் ‘எந்திரன்’ வந்தப்போ நாங்க சின்னப் பிள்ளைகள். சிட்டி ரோபோ மாதிரி லயத்து வாசலில் நடந்து காட்டாத பிள்ளையே இல்லை. அதன் அடுத்த பாகம் ‘2.0’ 2018 நவம்பர் 29இல் வெளியானது. மலையகம் அப்போது 1000 ரூபா அடிப்படை நாட்சம்பளம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தது. அன்றைய அடிப்படைச் சம்பளம் 500.

படம் பார்த்த நாங்கள் ரெண்டு பட்டோம். “பழைய சிட்டியோட சேட்டை எங்கடா?” என்றது ஒரு கூட்டம். “அந்த 3டி பறவைக்கே காசு சரி” என்றது இன்னொன்று. செல்போன் கோபுரங்களால் குருவிகள் சாகுதுன்னு சொல்லும் பக்ஷிராஜன்தான் (அக்‌ஷய் குமார்) வில்லன். வீட்டுப் பெரியவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். “பாவம், எத்தனை இடத்துல போய் கேட்டாரு, ஒருத்தனும் காது குடுக்கலியே” என்றார் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர். உடனே சிரித்தார்: “ஆனா போன் இல்லாட்டி கொழும்புல இருக்கிற மகன்கூட எப்படிப் பேசுறது?”

2019 ஜனவரி கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. ஆயிரம் கிடைக்க 2021 ஆயிற்று. நாங்கள் கிராஃபிக்ஸைப் பார்த்தோம். அவர்கள் மனு கொடுத்துக் களைத்த மனுசனைப் பார்த்தார்கள்.