நீர்ச்சக்கரம் எனப் பெயர் பெற்ற நோய்

நாம் ‘சர்க்கரை நோய்’ என்றும் ‘நீரிழிவு’ என்றும் வழங்கும் பிணிக்கு, மருத்துவ மேதை இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தம் ‘அல்கானூன் ஃபித் திப்பு’ என்னும் பெருநூலில் தரும் அரபுப் பெயர்களுள் ஒன்று ‘தூலாபிய்யா’ என்பதாகும். ‘தூலாப்’ என்றால் நீர் இறைக்கும் சக்கரம். அச்சக்கரத்தின் கலயங்கள் நீரை முகந்து மேலே கொட்டிவிட்டு வெறுமையாய்க் கீழிறங்குவதைப் போல, நோயாளி குடித்த நீர் உடலில் தங்காமல் வெளியேற, அவர் மீண்டும் தாகத்தால் தவிக்கிறார். கிரேக்கர் இட்ட ‘டயாபெட்டிஸ்’ என்ற பெயரும் ஊடே கடந்து செல்வதையே குறிக்கும். இந்திய மருத்துவ நூல்களோ சிறுநீரின் இனிப்பைக் கண்டறிந்து ‘மதுமேகம்’ என்றன.

பெயர்கள் பலவாயினும் இந்நோயின் வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றே. மருந்தைத் தருபவர் மருத்துவர். ஆனால் அம்மருந்து பயன்படுவதும் பயனற்றுப் போவதும் பெரும்பாலும் நோயாளியின் இல்லத்தில்தான் முடிவாகின்றன.

நூலறிவும் நேர்நோக்கும்

இப்னு ஸீனாவுக்குப் பின், பக்தாதில் பிறந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ (1162–1231) நீரிழிவுக்கெனத் தனியொரு நூலே எழுதினார். கி.பி. 1200-ஐ ஒட்டி எகிப்தைப் பஞ்சம் வாட்டியபோது, அங்கே குவிந்து கிடந்த எலும்புக்கூடுகளை நேரில் ஆராய்ந்தவர் அவர். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று ஜாலீனூஸ் எழுதியிருந்தார். அது ஒற்றை எலும்பே என்று அல்பக்தாதீ நிறுவினார். எத்துணைப் பெரிய ஆசானின் சொல்லாயினும் கண்ணால் கண்டு சோதித்தே ஏற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. “எனக்கு ஒன்றும் செய்யவில்லை, சர்க்கரை குறைந்துதான் இருக்கும்” என்று ஊகத்தால் மருந்தை நிறுத்திவிடும் நம்மவர்க்கு இக்கொள்கை பெரிதும் தேவை. ஒரு துளி இரத்தத்தைச் சோதிக்கும் சிறு கருவி இன்று வீட்டிலேயே இருக்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையும் உண்டு.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் அதனால் உயிர் பிழைத்தான். அதுவரை பட்டினி ஒத்த உணவுமுறையைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. விரைவில் கொல்லும் நோய், ஆயுள் முழுதும் உடன்வரும் நோயாக மாறியது. ஊசி, மருத்துவரின் கையிலிருந்து நோயாளியின் கைக்கும் தாயின் கைக்கும் வந்தது. எனவேதான் பாஸ்டன் நகர மருத்துவர் ஜாஸ்லின், நோயாளிக்குக் கற்பிப்பதையே சிகிச்சையின் முதற்படியாக்கி, பயிற்சி பெற்ற செவிலியரை வீடுகளுக்கே அனுப்பினார். தமிழகத்தில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கான பிரிவைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் நிறுவினார்.

பனமலை வரை

நீரிழிவு பட்டணத்துச் செல்வர்களின் நோய் என்ற எண்ணம் இன்று பொய்த்துவிட்டது. செஞ்சியை அடுத்த பனமலை, பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கோயிலால் புகழ்பெற்ற ஊர். சுற்றிலும் உழவரின் நிலம். இத்தகைய ஊர்களில் ஏற்றமும் கமலையும் இயங்கிய காலத்தில், நீர் இறைப்பதே கடும் உடலுழைப்பாக இருந்தது. இன்று மின்மோட்டாரின் பொத்தானை அழுத்தினால் போதும். கம்பும் கேழ்வரகும் இருந்த தட்டில் தீட்டிய வெள்ளரிசி நிறைந்தது. உழைப்புக் குறைந்து மாவுச்சத்து மிகுந்தால் உடல் பருக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவர இசைவதில்லை. இரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் மதிப்பிட்டது.

இந்நிலையில் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து மாத்திரை வழங்கும் ஏற்பாடு இது. எனினும் வாசல் வரை வந்த மருந்தை வாயில் சேர்ப்பது வீட்டாரின் பொறுப்பேயாகும்.

இல்லத்தின் கடமை

இல்லத்தின் முதற்கடமை உணவு. நோயாளிக்கு மட்டும் தனிச்சமையல் என்றால் அவர் தண்டிக்கப்பட்டவராய் உணர்கிறார். சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் பயறையும் கூட்டுவது வீட்டார் அனைவருக்குமே நன்மை. கணவருக்கு நோய் வந்தால் மனைவி பத்தியம் பார்த்துச் சமைக்கிறார். மனைவிக்கே நோய் வந்தால் யார் பார்ப்பது? எல்லோரும் உண்டபின் எஞ்சியதைக் காலந்தாழ்த்தி உண்ணும் அவருக்கு மாத்திரை வேளையும் தவறுகிறது. நம் குடும்பங்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இரண்டாவது, பாதம். நெடுநாள் நோயால் உணர்ச்சி மரத்த காலில் முள் குத்தினாலும் தெரிவதில்லை. கவனியாத புண் காலையே இழக்கச் செய்யலாம். உளூச் செய்யும்போது பாதத்தை நோக்குவதும், பின்னர் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துவதும் எளிய காப்பு. பார்வை மங்கிய முதியவரின் உள்ளங்காலை மகனோ மகளோ நாள்தோறும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நோன்பு. நோயாளிக்கு மார்க்கம் தரும் சலுகை யாவரும் அறிந்ததே. பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 2009-இல் ஷார்ஜா அமர்வில், மருத்துவர்களின் கருத்தைப் பெற்று, நீரிழிவு நோயாளிகளை அபாயத்தின் அளவுக்கேற்ப நான்கு வகைப்படுத்தி, முதலிரு வகையினர் நோன்பு நோற்கலாகாது என முடிவு செய்தது. பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பதை அப்பேரவை 1997-லேயே தெளிவுபடுத்தியிருந்தது. எனவே ரமளானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைக் கலந்து மாத்திரை, ஊசியின் அளவையும் வேளையையும் மாற்றியமைக்க வேண்டும். நோன்பிருக்கையில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினாலும் 300-ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியன சர்க்கரைத் தாழ்வின் அடையாளங்கள் என்பதையும், அப்போது சர்க்கரை கலந்த நீரை உடனே புகட்ட வேண்டும் என்பதையும், நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதையும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். “ஊரே நோன்பிருக்க நீங்கள் மட்டும் உண்பதா?” என்ற ஒரு சொல் முதியவரை ஆபத்தில் தள்ளிவிடக்கூடும். சலுகையை ஏற்பவரை மனம் நோகச் செய்யாதிருப்பதும் பராமரிப்பின் பகுதியே.

மாதமொரு முறை சில நிமிடங்கள் காணும் மருத்துவரால் நாள்தோறும் நோயாளியின் தட்டையும் பாதத்தையும் பார்க்க இயலாது. அதனைச் செய்ய வல்லவர் அவருடன் வாழ்பவரே.