மதுரை வட்டாரச் சிறார்களின் போதைப் பழக்கம்

மதுரை நகரிலும் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி உள்ளிட்ட சுற்றுப்பகுதிகளிலும் பதின்பருவத்தினரிடம் மது, கஞ்சா, வாயில் அடக்கும் புகையிலை, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ஆகியவை புழங்குகின்றன. எது யாரிடம் சேர்கிறது என்பது வயது, பால், படிப்பு, வீட்டுச் சூழல் ஆகியவற்றைப் பொறுத்தது.

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்காக நாடெங்கும் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, போதைக்குப் பழகிய 4,000க்கும் மேற்பட்ட சிறார்களை விசாரித்தது. அவர்கள் புகையிலையைத் தொட்ட சராசரி வயது 12.3, சொல்யூஷன் போன்ற முகரும் பொருள்களை 12.4; கஞ்சாவை 13.4, மதுவை 13.6. பெற்றோர் பெரிதும் அஞ்சும் மது இந்த நான்கில் கடைசியில்தான் வருகிறது. ஏழாம் வகுப்புப் பையனின் சட்டைப்பையில் இருக்கும் ‘கூல் லிப்’ என்னும் வாயில் அடக்கும் புகையிலை யார் கண்ணிலும் எளிதில் படுவதில்லை. மாணவர்களிடையே அது பரவுவது குறித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024இல் கவலை தெரிவித்தது.

பால் வேறுபாடு பொருளுக்குப் பொருள் மாறுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர், பெண்களில் 0.3. பள்ளி மாணவரின் புகையிலைப் பழக்கத்தில் இவ்வளவு இடைவெளி இல்லை. 2019இல் இந்திய அளவில் 13–15 வயது மாணவர்களில் 9.6 விழுக்காட்டினரும் மாணவிகளில் 7.4 விழுக்காட்டினரும் அதைப் பயன்படுத்தினர். பெண்பிள்ளைகளுக்குப் போதை பற்றிய பேச்சே வேண்டாம் என்று ஒதுக்குவது தவறு.

முகரும் பொருள்கள் தனிக்கவனம் கோருகின்றன. பெரியவர்களைவிடச் சிறார்களிடம் மிகுந்து காணப்படும் ஒரே போதை வகை இதுதான் என்கிறது மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் 2019 அறிக்கை: 10–17 வயதினரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58. விலை குறைவு; சைக்கிள் கடையில் வயது கேட்பாரில்லை. தெருவோரச் சிறார்களே இதில் அதிகம் சிக்குகின்றனர்.

தமிழகத்தில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சிறாருக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. 2022இல் தொடங்கிய ‘போதைப்பொருள் இல்லா தமிழ்நாடு’ இயக்கத்தின்கீழ் பள்ளி, கல்லூரிகளில் போதை எதிர்ப்பு மன்றங்கள் அமைந்தன. பள்ளியை விட்டுப் பட்டறைக்கும் உணவகத்துக்கும் போய்விட்ட பிள்ளைகளுக்கு அந்த மன்றங்கள் எட்டாது. அவர்களுக்கான முயற்சி வேலையிடத்திலும் பேருந்து நிலையத்திலும்தான் தொடங்க வேண்டும். உதவிக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய எண் உள்ளது.