ஷார்ட் ஸ்ட்ரீட்டுக்கு வந்த கீர்த்தனை

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம், ஷார்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்துக்கு. தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை அங்கே வந்து சேர்ந்த வழிதான் நீளமானது.

தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரிகள் தங்கள் ஊர் மெட்டுக்குத் தமிழ் எழுதினார்கள். பக்தியில் குறையில்லை. ஆனால் நம் மொழியில் குறில், நெடில் என்ற கணக்கு உண்டே! மெட்டு இழுக்கிற இடத்தில் குறில் வந்துவிட்டால் 'மலை' என்பது 'மாலை' ஆகிவிடும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அந்தச் சிக்கலே இல்லாமல் பாடினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் கச்சேரி வடிவத்திலேயே கிறிஸ்துவைப் பாடினார்.

அந்தக் கீர்த்தனைகளைப் பொது ஆராதனைக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு எட்வர்ட் வெப்புடையது. இன்று எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர். 1853-இல் அவர் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்புக்கு உயிர்நாடி சாஸ்திரியாரின் பாடல்கள். புலவருக்கு அப்போது எண்பதை எட்டும் வயது. தமிழ்ப் புலவரின் இசையே தமிழ்ச் சபைக்குப் பொருந்தும் என்று கண்டுகொண்டது வெப்பின் பெருமை.

சிங்கப்பூரில் மெதடிஸ்ட் மிஷன் தொடங்கியது 1885-இல். தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் கீர்த்தனையையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

கீர்த்தனைப் புத்தகம் ஒன்றைத் திறந்து பாருங்கள். மேலே பாட்டின் எண், அதன் கீழே 'சங்கராபரணம், ஆதி தாளம்' என்பதுபோல் ஒரு வரி, பிறகு பல்லவி. பெரும்பாலும் சுரக்குறிப்பு இருக்காது. ராகத்தின் பெயர் தெரிந்தால் மெட்டு தெரிந்ததாகாது. மெட்டு வாயோடு வாயாகத்தான் வரவேண்டும். அதனால் நெல்லைக்காரர் பாடுவதும் யாழ்ப்பாணத்துக்காரர் பாடுவதும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. எது சரி என்று வழக்காடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டுமே காப்பாற்ற வேண்டியவை.

அச்சடித்த வரிகள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். மெட்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. உங்கள் வீட்டில் பழைய கீர்த்தனைகளைப் பாடும் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பாட்டின் எண்ணையும், அவர் அதை எந்த ஊரில் கற்றார் என்பதையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள்.