மஞ்சள் இறங்கிய கணக்கு

காமாலை என்றால் எங்கள் பாட்டி டாக்டருக்கு முன்னால் தேடுவது கீழாநெல்லியை. அரைத்து, மோரில் கலந்து, வெறும் வயிற்றில். மூணு வாரத்தில் கண் வெளுத்துவிடும். “பாத்தியா?” என்பாள். ஹெபடைடிஸ் ஏ என்றால் மருந்தே இல்லாமலும் பெரும்பாலும் வெளுக்கும் என்று அவளிடம் யார் சொல்வது?

இந்தச் சண்டையைத் தீர்க்கப் பார்த்த இடம் வேளச்சேரிக்கு அடுத்தே, தரமணியில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் வளாகம். எஸ்.பி. தியாகராஜனும் சக ஆய்வாளர்களும் காமாலைக்காரர்களை விட்டுவிட்டு, ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் நிரந்தரமாகச் சுமப்பவர்களை எடுத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனமான தேர்வு. இவர்களுக்கு அது லேசில் தானாகப் போகாது. ஒரு பிரிவுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி, இன்னொன்றுக்குப் போலி மருந்து. 1988 லான்செட்டில் முடிவு வந்தது: மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் காணவில்லை. போலி மருந்தில் 23க்கு ஒருவர். கட்டுரையில் இன்னொரு பெயர் பரூக் புளும்பர்க். அந்தப் புரதத்தையே கண்டுபிடித்து 1976இல் நோபல் வாங்கியவர்.

1990இல் அதே லான்செட்டில் தாய்லாந்துக்காரர்கள் எழுதினார்கள்: எங்களுக்கு வேலை செய்யவில்லை. செடியின் ரகம், மண், அளவு என்று காரணங்கள் பேசப்பட்டன. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வசனம் உண்டு: “என் மெஷின்ல ஓடுதே!” அப்படிச் சொல்கிறவன் பொய் சொல்வதில்லை. ஆனால் அவன் கோடை யாரும் ரிலீஸ் செய்வதுமில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. பாட்டி பார்த்தது கண்ணை, தரமணி பார்த்தது ரத்தத்தை. ஈரலுக்குப் பட்ட அடியை யாருமே நேரில் பார்க்கவில்லை. இன்றைய எல்.எஃப்.டி.யில் வரும் ஏ.எல்.டி.கூட, அடிபட்ட செல்லிலிருந்து ரத்தத்தில் கசிந்த நொதிதான். வீடு எரிந்தபிறகு தெருவுக்கு வரும் புகை மாதிரி.

ஒளிர்சாயங்கள் இந்த இடத்தில்தான் வருகின்றன. இண்டோசயனின் கிரீன் பழைய ஆள், 1950களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ரத்தத்திலிருந்து ஈரல் அதை உறிஞ்சிப் பித்தத்தில் தள்ளும். எவ்வளவு வேகமாக என்பதுதான் கணக்கு. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் ஒருபடி மேலே போனார்கள். அடிபடும் செல்லில் பெராக்சிநைட்ரைட் போன்ற மூலக்கூறுகள் உருவாகும்போது ஒளி மாறும் நானோ உணரிகள். எலிக்கு அளவுமீறிப் பாராசிட்டமால் கொடுத்தால், திசுவில் சேதம் தெரிவதற்கு முன்பே, சில நிமிடங்களில் சமிக்ஞை வந்துவிட்டது.

எலிக்கு, ஆமாம். மனிதனின் விலாவுக்கு அடியில் இருக்கும் ஈரலிலிருந்து அந்த வெளிச்சம் சதையைத் தாண்டி வெளியே வராது. வயிற்றுக்குள் போய்ப் பார்த்தால்தான் உண்டு.